ஈஸ்டர் ஞாயிறும் பூட்டிய அலமாரியும்

நான் வாயைத் திறப்பதற்கு முன்பே மேசைமணியின் மேல் கையை வைத்துக் காத்திருக்கும் அவைத்தலைவர், நம் திருச்சபையின் பெருமதிப்பிற்குரிய டீக்கன் டாலிவர் அவர்களே! வெள்ளாடை உடுத்தி, முதல் வரிசையில் வீற்றிருந்து, விழிகளாலேயே என்னை விசாரணை செய்துகொண்டிருக்கும் சபைத் தாய்மார்களே! அவர்களுக்கெல்லாம் தலைவியாய், இந்த ஊரில் பாதிப் பேரை மடியில் தூங்கவைத்து, மீதிப் பேரை முறைத்தே வளர்த்தெடுத்த மதர் எர்னஸ்டின் அவர்களே! குரலால் கூரையைத் தூக்கும் பாடகர் குழுவினரே! பின்வரிசையில் அமர்ந்து, பொரித்த மீன் ஆறிப்போகிறதே என்று கடிகாரத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்க்கும் மாமன்மாரே! என் தோழிகளே, எதிரிகளே, எதிரிகளாய்ப் போன தோழிகளே! உங்கள் அனைவருக்கும் பதினாறு வயது ட்ரினீஸ் கெய்த்தரின் பணிவான வணக்கம்.

யாரது, "பணிவா? உனக்கா?" என்பது? சிரியுங்கள் மாமா. இப்போதே சிரித்துவிடுங்கள். போகப்போக அதற்கு வாய்ப்பு குறைவு.

அன்பர்களே! இன்னும் சற்று நேரத்தில் இந்த மன்றத்தில் கைகள் உயரப் போகின்றன. எதற்காக? சபை வாசகசாலையின் சன்னலோரத்து அலமாரி இருக்கலாமா, எடுத்துவிடலாமா என்று தீர்ப்புச் சொல்வதற்காக. அந்த அலமாரியில் இருப்பவர்கள் யார்? தன் சுருட்டை முடியைச் சீப்போடு சண்டைக்கு விடும் சிறுமி. சிறையில் இருக்கும் தகப்பனுக்குக் கணக்கில் நூறு வாங்கிக் காட்டும் சிறுமி. தண்ணீருக்கு அஞ்சித் தரையிலேயே நீச்சல் பழகும் சிறுமி. இரட்டைக் கயிற்றில் குதித்தபடியே எதிர்வீட்டுப் பையனை ஏசும் சிறுமி. அத்தனை பேரும் கறுப்புச் சிறுமிகள். நம் நிறம், நம் நடை, நம் நாக்கு! பள்ளிக்கூடம் இந்தப் புத்தகங்களை வேண்டாமென்று வெளியே வைத்தபோது, இந்த அலபாமா வெயிலில் வண்டி வண்டியாய்ச் சுமந்துவந்து இங்கே அடுக்கியது யார்? நீங்கள்! அவர்கள் துரத்தியதை அணைத்த கைகள், இன்று அதையே துரத்த உயரப் போகின்றனவே, அது எப்படி நேர்ந்தது?

ஈஸ்டர் ஞாயிறு அன்று நேர்ந்தது.

நம் வழக்கம் நமக்குத் தெரியும். ஈஸ்டர் என்றால் பிள்ளைகள் மேடையேறி நான்கு வரி ஒப்பிக்க வேண்டும். கஞ்சி போட்ட கவுன், காலைக் கடிக்கும் பளபளப்புச் செருப்பு, முன்னால் ஒரு ஊர். பிள்ளை மறந்தாலும் ஆமென். உளறினாலும் ஆமென். நடுவில் மூக்கை நோண்டினாலும், "சரியாப் போச்சு கண்ணு, மெதுவாச் சொல்லு!" என்று சபையே தூக்கி நிறுத்தும். உலகத்தில் எந்த மேடையில் இப்படிப்பட்ட இரக்கம் உண்டு?

அன்று என் சித்தி லோரெட்டாவின் மகள் கமாயா மேடையேறினாள். ஒன்பது வயது. உயரம் மட்டும் பதின்மூன்று வயதுக்கு. அவளுக்குக் கொடுத்த பாட்டு லில்லிப் பூவைப் பற்றியது. அவளோ பூவை விட்டுவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு வேறொன்றைச் சொன்னாள்.

"எனக்கு ஒன்பது வயது" என்றாள்.

"ஆமென்!" என்றீர்கள்.

"பார்ப்பவர்கள் கண்ணுக்கு நான் பெரியவள். அழுதால் நடிப்பு என்கிறார்கள். கேட்டால் திமிர் என்கிறார்கள்."

"சொல்லு கண்ணு!" என்றீர்கள்.

"பிஞ்சிலே பழுத்தது என்கிறார்கள். நான் பழுக்கவில்லை. பிஞ்சாக இருக்க எனக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள்."

இங்கே ஆமென் கொஞ்சம் மெலிந்தது. ஏன் மெலியாது? பிஞ்சிலே பழுத்தது என்று இந்தச் சபையில் பட்டம் வாங்காத பெண்பிள்ளை யார்? எனக்கு மூன்று முறை கிடைத்திருக்கிறது. ஒருமுறை உதட்டுச் சாயத்திற்கு. இருமுறை ஒன்றுமே செய்யாததற்கு.

அப்புறம் கமாயா கடைசி வரியைச் சொன்னாள். "டீச்சர் என்னைத் தட்டுமுட்டு ரூமுல வெச்சுப் பூட்டிட்டாங்க. நான் கத்தினேன். அப்புறம் கத்தல."

பழக்கதோஷத்தில் பின்னாலிருந்து ஒரே ஒரு ஆமென் வந்தது. அது தனியாக வந்து தனியாகவே நின்றது. விசிறிகள் நின்றன. பியானோ நின்றது. குழந்தை இறங்கிப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று மதியம், பன்றித்தொடைக் கறியும் பச்சைக் கீரையும் பரிமாறிக்கொண்டிருக்கும்போது, மதர் எர்னஸ்டின் அவர்கள் கரண்டியோடு என்னைக் கூப்பிட்டார்கள்.

"ட்ரினீஸு! இங்க வாடி. புள்ளைக்கு இதைச் சொல்லிக் குடுத்தது நீதானே?"

"சத்தியமா நான் இல்ல மதர்."

"பாஸ்டர் பிரசங்கம் பண்றப்ப மேடைக்கு அடியில கோழி கூவுற கடிகாரம் வெச்சதும் நீ இல்லதானே?"

"அது நான்தான். இது நான் இல்ல."

"அப்ப அந்தச் சன்னலோர அலமாரியில அவ எடுத்துட்டுப் போன புஸ்தகந்தான். டீச்சரு புள்ளைய ரூமுல போட்டுப் பூட்டுறாளாம்! இப்படியெல்லாம் படிச்சா, நடக்காதது எல்லாம் நடந்த மாதிரி தோணும் புள்ளைங்களுக்கு. பூட்டுங்க அந்த அலமாரிய!"

மறுநாளே டீக்கன் அவர்கள் பூட்டினார்கள். சாவி இதோ அவர் சட்டைப்பையில் இருக்கிறது. தொட்டுப் பார்த்துக்கொள்கிறார், பாருங்கள்!

மதர், மரியாதையோடுதான் கேட்கிறேன். அந்தப் புத்தகத்தை நீங்கள் படித்தீர்களா? டீக்கன், நீங்கள்? இந்த மன்றத்தில் யாராவது?... இருமல்தான் வருகிறது.

நான் படித்தேன். அலமாரியைப் பூட்டினீர்கள், ஆனால் பறவை வெளியே இருந்தது. கமாயாவின் தலையணைக்கு அடியில்! இதோ, என் கையில். முதல் அட்டையிலிருந்து முடிவு அட்டை வரை படித்தேன். பிஞ்சும் பழமும் இருக்கிறது. அழுகையும் திமிரும் இருக்கிறது. ஆனால் என் அருமைத் தாய்மார்களே, அந்தத் தட்டுமுட்டு அறை இருக்கிறதா? அந்தப் பூட்டு இருக்கிறதா? இந்தப் புத்தகத்தில் அந்த டீச்சரே கிடையாது!

அந்த வரி இதில் இல்லை.

மணியை அடிக்காதீர்கள் டீக்கன். கெஞ்சிக் கேட்கிறேன். இன்று நான் வேடிக்கை காட்ட வரவில்லை.

நேற்று, சனிக்கிழமை, கமாயாவுக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தேன். என் முழங்கால்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். முகம் பார்க்க வேண்டியதில்லை. பேச அதைவிட வசதியான இடம் கிடையாது.

"அந்தக் கடைசி வரி எந்தப் பக்கத்துலடி இருக்கு? தேடித் தேடிப் பாத்துட்டேன்."

"புக்குல இல்லக்கா."

"பின்ன?"

"அது என்னுது."

என் கை நின்றுவிட்டது. "ஏன் அங்க வெச்சுப் பூட்டுனாங்க?"

"பென்சில் உடைஞ்சிடுச்சு, அழுதேன். பெரிய பொண்ணு நடிக்காதன்னாங்க. நான் நிறுத்தல."

"யாருகிட்டயாவது சொன்னியா?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். என்னமோ நான்தான் புத்திகெட்டவள் என்பது போல. "எல்லார்கிட்டயும்தான் சொன்னேன். ஈஸ்டர் அன்னிக்கு. நீங்க எல்லாம் ஆமென்னு சொன்னீங்களே."

அவையோரே! ஆமென் சொன்னோம், அப்புறம் அலமாரியைப் பூட்டினோம். பிள்ளை வாயைத் திறந்தாள். நாம் புத்தகத்தை மூடினோம். அவள் தன் காயத்தைக் காட்டினாள். நாம் அட்டைப்படத்தைக் கண்டித்தோம்! ஒன்பது வயதுக் குழந்தைக்கு, நடந்ததை நேரே சொல்ல நாக்கு எழவில்லை. அதனால் தன்னைப் போலவே இன்னொரு சிறுமி பேசிய வார்த்தைகளைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். படிப்படியாய் ஏறினாள். அந்தப் படிகள் முடிந்த இடத்தில், தானாக ஒரு படி வைத்தாள். தன் சொந்தப் படி! அந்தப் புத்தகம் கற்பித்தது பொய்யா? இல்லை! பேச்சு! இல்லாத துன்பத்தை உண்டாக்கியதா? இல்லை! இருந்த துன்பத்திற்கு வாய் தந்தது!

இந்தப் புத்தகத்தைத் தூக்கி ஆற்றில் போடுங்கள். அந்த வரி மூழ்குமா? அலமாரியை உடைத்து அடுப்பில் வையுங்கள். அந்த வரி எரியுமா? எரியாது! ஏனென்றால் அது காகிதத்தில் இல்லை. மூன்றாம் வரிசையில், மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமல் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. விடிந்தால் திங்கட்கிழமை. விடிந்தால் அதே பள்ளி. அதே அறைக்கதவு!

இதையெல்லாம் இங்கே சொல்லலாமா என்று அவளைக் கேட்டேன். "சொல்லு. ஆனா ஜோக் அடிக்காத" என்றாள். இன்று மதியம் சித்தியிடமும் அவளே சொல்லிவிட்டாள். சித்தி அவள் பக்கத்தில்தான் இருக்கிறார். அவரால் இப்போது பேச முடியாது. அதனால்தான் நான் பேசுகிறேன்.

கை தூக்கப் போகிறவர்களே, ஒன்றே ஒன்று கேட்கிறேன். நம்மைப் பற்றி வெளியே இருப்பவர்கள் சொன்ன பொய்யை, திமிர் பிடித்தவள், நடிப்புக்காரி, பழுத்தவள் என்கிற பொய்யை, நாமும் நம் பிள்ளைகளிடம் சொல்லலாமா? அவர்கள் வாயில் அது வசவு. நம் வாயில் வந்தால் அது தீர்ப்பல்லவா? வெளியே இருக்கிற கதவுகள் போதாதென்று, உள்ளே இருக்கிற அலமாரிக்கும் நாம் ஏன் பூட்டுப் போட வேண்டும்? கமாயா அந்தப் புத்தகத்தில் பாதிதான் படித்திருக்கிறாள். இதோ, மடித்துவைத்த பக்கம். அதன் மீதியும் அவளுக்கு வேண்டும். ஆமென்னோடு நாம் நிறுத்திய மீதியும் அவளுக்கு வேண்டும்!

இருங்கள். மதர் எர்னஸ்டின் எழுந்திருக்கிறார்.

வெளியே போகிறீர்களா மதர்? போவதானால்... இல்லை. வாசல் பக்கம் போகவில்லை. தயவுசெய்து வழி விடுங்கள் மாமா, காலை மடக்குங்கள். மூன்றாம் வரிசைக்குப் போகிறார். சித்தி அந்தப் பக்கம் இருக்க, கமாயாவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துவிட்டார். தன் பெரிய தொப்பியைக் கழற்றுகிறார். அன்பர்களே, அந்தத் தொப்பி கழன்று யாராவது பார்த்திருக்கிறீர்களா? குனிகிறார். கமாயா அவர் காதில் ஏதோ சொல்கிறாள். அது நமக்கு வேண்டாம். அது அவர்களுக்கு.

என்ன மதர்? சத்தமாகக் கேளுங்கள், பின்னால் கேட்கவில்லையாம்.

"அந்தப் பள்ளிக்கூடத்தைக் காலையில எத்தனை மணிக்குடி தெறப்பாங்க?" என்று கேட்கிறார்.

ஏழே முக்காலுக்கு, மதர்.

"அப்ப ஏழரைக்கு எல்லாத் தாய்மாரும் வாசல்ல இருங்க. வெள்ளை உடுத்திட்டு வாங்க" என்கிறார்.

டீக்கன் அவர்களே, சாவியை இப்போது கொடுக்கிறீர்களா, கைகளை எண்ணிவிட்டுக் கொடுக்கிறீர்களா? மணியை அடிக்காமல் பொறுத்ததற்கு உங்களுக்கு என் நன்றி. மீன் ஆறியும் எழுந்து போகாத மாமன்மாருக்கு நன்றி. சொல்லச் சொன்ன கமாயாவுக்கு, என் தலை தாழ்ந்த வணக்கம்.