கனவில் ஓங்கிய கை

எழுபதுகளில் ஒருநாள் காலை, கம்பம்மெட்டுக்கு ஏறும் பஸ்ஸில் ஏலக்காய் எடுக்கப் போகும் இரண்டு பெண்கள் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் கொதித்துக்கொண்டிருந்தாள்.

“இது கனவுதான்னு அதுக்குள்ளயே தெரிஞ்சிருதுக்கா. நம்ம தோட்டத்து சூப்பர்வைசரை அடிக்கக் கைய ஓங்குனா முழிப்பு வந்துருது. நாலு தடவை இப்பிடி!”

“ஆத்திரப்பட்டாக் கலைஞ்சிரும்டி. உள்ளங்கை ரெண்டையும் தேச்சுக்கிட்டு நிதானமா நில்லு. எனக்கு அப்பிடித்தான் கனவு நிக்கிது.”

“நேத்து தேச்சேன், நின்னுச்சு. ஆனா ஆத்திரம் போயிருச்சே! அத்தனை பேரு முன்னாடி என் சேலையப் பிடிச்சு இழுத்தவன்கிட்ட கனவுலகூட சும்மா நின்னுட்டு வந்தேன்.”

“வேலைக்குப் போற நேரத்துல அதை விடுடி.”

பஸ் நின்றது. இளையவள் முதல் ஆளாக எழுந்தாள்.

“இப்ப முழிச்சுத்தானக்கா இருக்கேன். இனி கைய ஓங்குனா எதுல இருந்து முழிக்கப் போறேன்? இறங்கு.”