ஒஸ்லோவுக்குக் கணித்த நல்ல நேரம்

ஒஸ்லோவின் ராகுகாலமும் யாழ்ப்பாணத்து ராகுகாலமும் ஒன்றல்ல, துஷ்யா. அங்கே சூரியன் ஆண்டு முழுவதும் ஆறு மணியை ஒட்டி எழும்பும். இங்கே மார்கழியில் ஒன்பது தாண்டியும் எழும்ப மனமில்லாமல் கிடக்கும். ஊர்ப் பஞ்சாங்கத்தை அப்படியே நம்பினால் கெட்ட நேரத்தில்தான் போய் விழுவோம். இருபத்திரண்டு வருடமாக இந்த நகரத்துத் தமிழருக்கு நேரத்தைத் திருத்திக் கணித்துக் கொடுப்பவன் நான். வங்கியில் புள்ளிவிபரம் பார்த்தவனுக்கு இது பெரிய வேலையில்லை. எனக்கு அதில் நம்பிக்கை உண்டா என்று கேட்காதே. தொலைபேசி அடித்தது. அது போதுமாக இருந்தது.

என் மனைவி தங்கேஸ்வரி இறந்த பிறகு ஹொல்ம்லியாவில் என் கதவைத் தட்டியவர்கள் எல்லாம் நேரம் கேட்டு வந்தவர்கள்தான். வசந்தமலர் மட்டும் நேரம் தேவையில்லாவிட்டாலும் வருவாள். ஹவுகன்ஸ்டுவாவிலிருந்து இரண்டு ரயில் பிடித்து, ஞாயிறுதோறும், கையில் ஏதாவது பலகாரத்தோடு.

வழக்கை நீ என்னைவிட நன்றாக அறிவாய். ஆனாலும் ஒப்புக்கொள்வது என்றால் முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஒரு மீன்தீவனக் கம்பனி, பெரிய ஒப்பந்தம் கிடைத்துவிட்டது என்று ஒரு செவ்வாய்க்கிழமை பங்குச்சந்தைக்கு அறிவித்தது. அப்படி ஒரு ஒப்பந்தமே இல்லை. விலை ஏறியது. எங்கள் ஆட்களில் அறுபத்துமூன்று குடும்பம் வாங்கியது. இரண்டு மாதத்தில் பொய் வெளியே வர, விலை தரைக்கு வந்தது. வசந்தமலர் ஆஸ்பத்திரியில் நிலம் துடைத்துச் சேர்த்ததோடு வீட்டின் மேல் கடனும் எடுத்துப் போட்டிருந்தாள். வழக்குத் தோற்றால் வீடு போகும். அந்தப் பொய் விலையை எவ்வளவு ஏற்றியது, அதனால் யாருக்கு எவ்வளவு நட்டம் என்று கணித்துச் சாட்சி சொல்ல ஒரு பொருளியல் நிபுணர் தேவைப்பட்டார்.

என்னைக் கேட்பார்கள் என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்கவில்லை, சூட்டைச் சலவைக்கும் கொடுத்தேன்.

அந்த ஞாயிறு வசந்தமலர் வந்தாள். "குகநேசண்ணை, எங்கட துஷ்யாவைத்தான் நிபுணரா எடுத்திருக்கினம். சைன் வைக்க ஒரு நல்ல நேரம் பாத்துத் தாங்கோ," என்றாள்.

கொடுத்தேன். நல்ல நேரம்தான் கொடுத்தேன், அந்த விஷயத்தில் நான் யாரையும் ஏமாற்றியதில்லை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் சராசரி என்றால் என்ன என்று உனக்கு முதலில் சொல்லித் தந்தவன் நான் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை. எனக்கு வலித்தது.

பிறகு நீ தொலைபேசியில் கேட்டாய். "அங்கிள், நியூஸ் வந்தது செவ்வாய். மற்ற ஆக்கள் அண்டைக்கே வாங்கிட்டினம். எங்கட ஆக்கள் எல்லாரும் வியாழன் காலமை, பத்தேகாலுக்கும் பதினொண்டுக்கும் இடையில. ஏன்? தீர்ப்புச் சொல்லுற டொமர் கேட்டா நான் என்ன சொல்ல?"

தற்செயல் என்று சொன்னேன். சிறிய எண்ணிக்கையில் இப்படிக் கூட்டம் விழுவதுண்டு என்று விளக்கமும் சொன்னேன். நீ நன்றி சொன்னாய். இங்கே பிறந்த பிள்ளை, செவ்வாயில் நாங்கள் ஊசிகூட வாங்கமாட்டோம், அந்தப் புதன் நவமி என்று உனக்கு யார் சொல்லப் போகிறார்கள்.

வசந்தமலருக்கும் அந்த வியாழன் உறுத்தியது. "வெள்ளைக்காரருக்கு முன்னால பஞ்சாங்கம் பாத்தனாங்கள் எண்டு எப்பிடி அண்ணை சொல்லுறது? வெக்கமாக் கிடக்கு," என்றாள். சொல்லத் தேவையில்லை, துஷ்யாவிடமும் சொல்லவேண்டாம், பிள்ளை குழம்பிவிடும் என்றேன். அவள் மற்ற அறுபத்திரண்டு குடும்பத்துக்கும் சொல்லிவிட்டாள். எங்கள் ஆட்கள் ரகசியம் காப்பதில் கெட்டிக்காரர் இல்லை, ஆனால் வெட்கத்தைக் காப்பார்கள்.

அதன் பின்னர் நாலு பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி, கம்பனியின் வழக்கறிஞர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். இந்த மக்கள் அந்த நாளில் அந்த நேரத்தில் வாங்கியதன் காரணம் பஞ்சாங்கம் என்று எழுதினேன். ஒவ்வொரு கொள்வனவும் எந்த நிமிடத்தில் விழுகிறது என்று படம் கீறிக் காட்டினேன். அவர்கள் தரப்பில் நிபுணராக வந்த பேராசிரியர் அதைத் தன் பெயரில் எடுத்துக்கொண்டார். நான் ஒரு குரோன் வாங்கவில்லை. பேருந்துக் காசு தருகிறோம் என்றார்கள், அதையும் வேண்டாம் என்றேன்.

நான் நீதிமன்றத்தில் பின்வரிசையில் இருந்தேன். நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். அந்தப் படத்தைத் திரையில் போட்டபோது உன் முகம் வெளிறியது. வாங்கியவர்கள் அறிவிப்பை நம்பி வாங்கினார்கள் என்பதுதான் உன் அறிக்கையின் அத்திவாரம், அது ஆராயப்படவே இல்லை, காரணமும் மறைக்கப்பட்டிருக்கிறது என்றார் நீதிபதி. அறிக்கையைச் சாட்சியமாக ஏற்க மறுத்தார். அது இல்லாமல் நட்டத்தை நிறுவ வழியில்லை. வழக்கு விழுந்தது. உன் வேலையும் போனது என்று பிறகு அறிந்தேன்.

வசந்தமலர் அடுத்த ஞாயிறும் வந்தாள். "ஆரோ எங்கட ஆக்கள்தான் காட்டிக் குடுத்திருக்கினம்," என்று அழுதாள். தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். வீட்டை விட்டு வெளிக்கிட நல்ல நேரம் கேட்டாள். அதற்கும் கணித்துக் கொடுத்தேன். பெர்கனில் தம்பி வீட்டில் ஒரு அறை கிடைத்திருக்கிறதாம். இப்போது ஞாயிறுகளில் யாரும் வருவதில்லை.

நான் எழுதியதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. ஏன் வியாழன் என்று எழுதினேன். ஏன் வாங்கினார்கள் என்று எழுதவில்லை, அவ்வளவுதான். அந்தச் செவ்வாய் மாலை அறுபத்துமூன்று வீட்டிலிருந்தும் எனக்குத் தொலைபேசி வந்தது. எல்லாரும் ஒரே விதமாகத்தான் தொடங்கினார்கள். "அண்ணை, கம்பனி அறிவிச்சதைப் பாத்தனீங்களோ? வாங்கப் போறம். நேரம் சொல்லுங்கோ." யார், எத்தனை மணிக்கு, என்ன சொன்னார்கள் என்று என் நேரக் கொப்பியில் வரிசையாக இருக்கிறது. அதில் ஒரு பக்கம் போதும், உன் அறிக்கையை யாராலும் அசைத்திருக்க முடியாது. வியாழன் பத்தேகாலைச் சொன்னவனும் நான்தான்.

உன்னை அலைக்கழிக்கக் கூடாது என்றுதான் இவ்வளவு நாள் பொறுத்தேன். மேன்முறையீட்டுக்கான ஒரு மாதம் நேற்றோடு முடிந்தது. இனி நீ எங்கும் ஓடத் தேவையில்லை.

ஞாயிறு வா. கொப்பியைக் காட்டுகிறேன். மூன்று மணிக்குப் பிறகு நேரம் நன்றாக இருக்கிறது.