துத்த நீலம்

பில்லியர்ட்ஸ் மேசையின் பச்சைத் துணியை வாரம் ஒருமுறையாவது துலக்க வேண்டும், சார். பழனிசெட்டிபட்டியில் குருசாமி அண்ணன் நடத்தும் பார்லரில் யாரும் துலக்குவதில்லை. துணியில் பஜ்ஜி எண்ணெய், எச்சில் கறை, யாரோ கடித்துத் துப்பிய நகம். இரண்டு வருடம் அதன்மேல்தான் கையூன்றிக் குறிபார்த்தேன்.

எனக்கு ஊர் சுருளிப்பட்டி. திராட்சை விவசாயம். பதினெட்டு வயதில் முதல் பந்தய ஆட்டத்தில் என் செல்போனைத் தோற்றேன். நான் குனியும்போதெல்லாம் எதிராளி என் சட்டைக் கிழிசலைப் பற்றிப் பேசினான். குறி தவறியது. அதன்பின் பந்தைவிட ஆளைத்தான் அதிகம் பார்த்தேன். ஒருவனுக்கு முதுகுக்குப் பின்னால் ஆள் நின்றால் ஆகாது. நின்றேன். இன்னொருவனுக்கு இருமல் சத்தம் ஆகாது. இருமினேன்.

செல்வமணியிடம் மட்டும் ஆறுமுறை தோற்றேன். போடியில் ஏலக்காய் வியாபாரக் குடும்பம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நன்றாக ஆடுவார். ஆனால் ஒரு பழக்கம். கடினமான ஷாட் வந்தால் கோலின் நுனியில் நீலச் சாக்பீஸைத் தேய்ப்பார். நுனியை விரலால் தடவுவார். அதே விரலால் வலது கண்ணின் பீளையை வழிப்பார். பிறகு மறுபடி சாக்பீஸ். மேசைக்கு ஒரே கட்டிதான். அதையே நானும் தொட வேண்டும். வீட்டில் சோறு பிசையும்போது குமட்டும்.

ஆறாவது ஆட்டத்தில் அப்பாவின் மருந்தடிக்கும் மெஷினை அவரிடம் இழந்தேன். அப்பா வெளியூரில் இருந்தார். வரப் பத்து நாள் ஆகும். அதற்குள் மெஷின் தோட்டத்துக்குத் திரும்ப வேண்டும். ஞாயிறு மதியத்துக்கு மறு ஆட்டம் கேட்டேன். மெஷினுக்கு எதிராக என் பைக்.

"ஏலே தமிழு, கவாத்துக் கத்தரி பிடிக்கிற கைக்கு கோலு எதுக்குடா? பைக்கையும் விட்டுட்டு சுருளிப்பட்டிக்கு நடந்தா போவ?" என்றார் செல்வமணி.

"உங்கப்பா வந்தாகன்னா உன்னையக் கொடியில கட்டித் தொங்கவிடுவாகடா," என்று குருசாமி அண்ணன் சிரித்தார்.

திராட்சைக் கொடிக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிப்போம். துத்தத்தைப் பொடித்தால் அந்தச் சாக்பீஸின் நீலம்தான். கண்ணில் பட்டால் எரியும் என்று எங்கள் பக்கம் குழந்தைக்கும் தெரியும். எவ்வளவு எரியும் என்று தெரியாமல் ஒரு மனிதருக்கு வைக்கிற ஆள் நான் இல்லை. முதலில் எங்கள் வெள்ளாட்டுக் குட்டிக்கு வைத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் அதன் கண்ணில் வெள்ளை படர்ந்தது. அதனால் சாக்பீஸ் தேய்ந்த குழியில் அதில் பாதி அளவுதான் வைத்தேன். எனக்கு வேறு கட்டி சட்டைப்பையில் இருந்தது.

கடைசியில் கறுப்புப் பந்து மட்டும் மிச்சம். அதைக் குழியில் தள்ளுபவருக்கே ஆட்டம். அவர் முறை. சாக்பீஸ், நுனி, விரல், கண். ஷாட் தவறியது.

"கண்ணு எரியுதுண்ணே, தண்ணி கொண்டாங்க," என்றார்.

குருசாமி அண்ணன் சொம்பை எடுத்தார். முடிவதற்குள் யார் மேசையை விட்டு விலகினாலும் ஆட்டம் ரத்து. அது அவர் கடை விதி.

"சாக்பீஸ் தூசிதாண்ணே. நல்லா கசக்கிவிடுங்க. இன்னும் ஒரு ஷாட்டுதான," என்றேன்.

குருசாமி அண்ணன் சொம்பைக் கீழே வைத்தார். செல்வமணி கசக்கினார். நான் அவசரப்படவில்லை. மேசையை இரண்டு முறை சுற்றிவந்து கோணம் பார்த்தேன். அவர் மூக்கு ஒழுகியது, வாயும் ஒழுகியது. துணியில் சொட்டியது. அந்தப் பக்கம் பார்க்காமல் அடித்தேன். நான்கு நிமிடம் ஆகியிருக்கும். கறுப்பு ஓரக் குழியில் விழுந்தது.

உடனே கழுவியிருந்தால் பார்வை தப்பியிருக்கும் என்று டாக்டர் சொன்னதாகச் சொல்கிறீர்கள். இருக்கலாம். துத்தம் வைத்தது நான். கசக்கச் சொன்னதும் நான். எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் ஜெயித்தது செல்லாது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், சார். அந்த ஆட்டத்தில் நான் ஒரு ஃபவுல்கூடப் போடவில்லை.