கடல் விடுகிற சூடு

"…போன வருசம் கடலு சூட்ட காத்துல கம்மியா வுட்டுச்சாம், இந்த வருசம் ஜாஸ்தியா வுடுதாம்! கடலு இன்னா, டீக்கடை பாய்லரா சார்?"

ஐப்பசி வெயிலில், மாமல்லபுரம் பேருந்தில் என் முன் இருக்கையிலிருந்து இப்படிக் கேட்டவர், திருவிடந்தை மணலில் நெத்திலியைக் காயப்போட்டுவிட்டுக் கிளம்பிய மீன்காரம்மா.

"அந்தச் சூடுதாம்மா மேகமாகுது. சாயங்காலம் மழை கொட்டும்" என்றார், அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கணக்கைச் சொல்லியிருந்த கல்பாக்கத்து உத்தியோகஸ்தர்.

"ஏசி ரூம்ல குந்திகினு சொல்றியா? தெனம் கடல்தண்ணில நெத்திலி அலசுற கை இது. ஐப்பசின்னா தண்ணி சில்லுன்னு இருக்கும். இன்னிக்குக் காலைல இன்னாடான்னா வெதவெதன்னு…"

பாதியில் நிறுத்தினார்.

"மீன வாரிட்டு மழ வர்லேன்னா உன்ன வுட மாட்டேன் சார்!" என்று திட்டிக்கொண்டே நடத்துநரை விசில் அடிக்கச் சொல்லி, நடுவழியில் இறங்கி, எதிரே வந்த பேருந்துக்குக் கைகாட்டியபடி சாலையைக் கடந்து ஓடினார்.