ஜவாதின் வேனில் கேட்ட இரைச்சல்

எனக்குக் காது கொஞ்சம் கூர்மை. சாய்ந்தமருதில் வாகனங்களுக்குப் பாட்டு செட் பூட்டுகிறவன் நான். ஸ்பீக்கருக்குள் நுளம்பு மூச்சு விட்டாலும் கண்டுபிடிப்பேன் என்று நானே சொல்லித் திரிந்ததில் ஊரும் நம்பிவிட்டது. சொன்னது நான்தான் என்பதை மட்டும் எல்லாரும் மறந்துபோனார்கள்.

வேனை வாடகைக்கு விட்டு ஹயர் ஓடும் ஜவாத் அதற்குப் புது செட் என்னிடம் பூட்டினார். இரண்டாம் நாளே திரும்பி வந்தார். பயணம் தொடங்கும்போது அவர் குர்ஆன் ஓதும் கிறாஅத் போடுவார். ஓதல் ஓடுகையில் ஒன்றும் தெரியாது. ஓர் ஆயத் முடிந்து ஓதுகிற காரி மூச்செடுக்கும் இடைவெளியில்தான் 'ஙீ' என்று ஓர் இரைச்சல். எக்ஸிலேட்டரை மிதித்தால் அதுவும் கூடவே ஏறும்.

பக்கத்துக் கடை மீராமுகைதீன் காக்கா வந்து நின்று இரைச்சலைக் கேட்டார். முப்பது வருசமாக டைனமோவுக்குக் கம்பி சுற்றிக் கட்டுகிறவர், எங்களுக்கெல்லாம் மூத்த அண்ணன் மாதிரி.

"தம்பி, எர்த்தப் பாரு. பெயின்ட்டுக்கு மேலால முறுக்கியிருப்பாய்."

சுற்றி நின்ற ஆறேழு பேரும் சிரித்தார்கள். எனக்கு உச்சியில் நெருப்பு ஏறியது.

"என்ட எர்த்தில ஒரு பிழையுமில்ல. இந்த வேனுக்கு நீங்க போன மாசம் கட்டின டைனமோவிலதான் பிழை," என்றேன்.

எல்லாரும் போன பிறகு சீற்றுக்கு அடியில் பார்த்தேன். எர்த் வயரை இரும்பில் படாமல் பெயின்ட்டுக்கு மேலேதான் முறுக்கியிருந்தேன். வேலை பழக வந்த முதல் வாரத்தில் எல்லாரும் செய்து ஏச்சு வாங்குகிற பிழை. பெயின்ட்டைச் சுரண்ட இரண்டு நிமிசம் போதும். நான் சுரண்டவில்லை. இரைச்சல் நின்றால் காக்கா சொன்னது சரியாகிவிடுமே.

காக்கா டைனமோவைக் கழற்றிக் காசு வாங்காமலே மறுபடி கட்டிக் கொடுத்தார். நான் ஸ்பீக்கரில் காதை வைத்து, கண்ணை மூடி, பெரிய டொக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்கினேன். "இன்னும் இரிக்கி," என்றேன். இன்னொரு தடவையும் கட்டினார். அப்போது அவர் ஒவ்வொரு கம்பிச் சுற்றாகத் தடவிப் பார்த்ததைக் கண்டேன். இல்லாத பிழையை எங்கே தேடுவது, பாவம்.

கடைசியில் ஜவாத் அக்கரைப்பற்றில் வேறு டைனமோ வாங்கி வந்தார். அதைப் பூட்டுகிற நேரத்தில் நான் சீற்றுக்கு அடியில் கையை விட்டுப் பெயின்ட்டைச் சுரண்டி எர்த் வயரைத் திரும்ப முறுக்கினேன். இரைச்சல் செத்தது. ஜவாத் என்னைக் கட்டிப்பிடித்தார். அவருக்கு வாய் நீளம். காக்கா கட்டின டைனமோதான் பிழை என்ற கதை பொத்துவில் வரைக்கும் போனது. மூன்று மாதத்தில் காக்காவின் கடைக்கு ஒரு த்ரீவீல்கூட வரவில்லை. மனுசன் கடையைச் சாத்திவிட்டு இப்போது சம்மாந்துறையில் ஓர் அரிசி ஆலையில் சாக்குத் தைக்கிறார். அந்தக் கடையை நான்தான் எடுத்திருக்கிறேன். இட வசதி நல்லது.

போன வெள்ளிக்கிழமை காக்கா வந்தார். கட்டாரில் இருக்கும் மகன் அவரை மக்காவுக்கு உம்றா செய்ய அனுப்புகிறானாம். போகுமுன் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்கிற வழக்கப்படி வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார்.

"தம்பி, அண்டைக்கி அத்தன பேருக்கு முன்னால உன்ட வேலையில பிழையெண்டு கதச்சிட்டன். என்ட பிழைய உன்ட தலையில போடப் பாத்தன். மன்னிச்சிப் பொருந்திக்க."

உண்மை தொண்டை வரைக்கும் வந்தது. ஒரு மிடறு தேத்தண்ணியோடு அதை விழுங்கினேன்.

"பொருந்திட்டன் காக்கா. மனசில ஒண்டும் வெக்கல்ல," என்றேன்.

அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் கண் கலங்கியது. நான் மட்டும் பொருந்தாமல் விட்டிருந்தால், அந்த மனுசன் என்ன முகத்தோடு கஃபாவுக்கு முன்னால் போய் நிற்பார்?