மூணாவது எஸ்டேட்டுக்குக் கீழே

ஊரா? இங்கதாங்க, சங்கராபுரத்துக்கு இந்தாண்ட. மெயின் ரோட்டுலேருந்து உள்ள ரெண்டு கிலோமீட்டரு போவணும். ஊர்ல எந்தத் தெருன்னுதானே கேக்க வரீங்க, புரியுது. சொல்றேன். கள்ளக்குறிச்சி போய்ச் சேர இன்னும் நேரம் கீது. மொதல்ல அந்தக் கடலய இப்படிக் குடுங்க. அவிச்சதா? நல்லது.

ரெண்டு டிக்கெட்டா? ஒண்ணு எனக்கு, இன்னொண்ணு கூட வந்தவங்களுக்கு. முன்னால உக்காந்துக்கினு கீறாங்க. கோர்ட்டுக்குப் போறோங்க. நான் சாட்சி. ரெண்டு வருசமா வாய்தா வாய்தான்னு இழுத்துக்கினு கெடந்து, இன்னைக்குத்தான் என்னைக் கூண்டுல ஏத்தறாங்க. ஒருத்தனக் காட்டி, வூட்டக் கொளுத்துனது இவன்தானான்னு கேப்பாங்க. ஆமான்னா அவன் ஜெயிலுக்குப் போவான். இல்லன்னா நான் ஊர்ல நிம்மதியா குடியிருக்கலாம். அவ்ளோதான் விசயம்.

இந்த புக்கா? ஐரோப்பிய வரலாறு, கைடு. கோர்ட்டுல கூப்புட நேரமாவும், பொரட்டலாம்னு எடுத்தாந்தேன். நான் வாத்தியாருங்க. கவர்மெண்டு வாத்தியாரு இல்ல, கள்ளக்குறிச்சியில டுட்டோரியல்ல. எம்.ஏ. படிச்சிட்டு எம்ப்ளாய்மெண்டுல பதிஞ்சி வெச்சிக்கினு உக்காந்திருக்கற ஜாதி. பி.ஏ.வுல அரியர் வெச்சிட்டு வர்ற பசங்களுக்கு ராஜா கத சொல்றேன். சிரிக்காதீங்க. கரும்பு வெட்டற ஊர்ல வெள்ளக்காரன் ராஜா தலய வெட்டுன கத எதுக்குன்னு எங்க ஓனரே கேப்பாரு. பேப்பரு வெச்சிருக்கான், நடத்தித்தான ஆவணும்.

நான் நடத்தற தினுசே வேற. மேச மேல ஒரு நாற்காலியத் தூக்கிப் போட்டுடுவேன். ஒருத்தன ஏத்தி உக்கார வெப்பேன், நீதான்டா சார்லஸ் ராஜான்னு. ரெண்டு பேரு அவன எறக்கி வுடணும். தல போச்சி. அடுத்து கிராம்வெல் ஏறணும். ராஜாவே வாணாம்னு சொன்ன மனுசன், ராஜா மாதிரியே உக்காருவான். அவன் செத்தா, வெட்டுப்பட்டவன் புள்ளயே திரும்ப வந்து ஏறிக்குவான். ஏறுனது மட்டுமா, கிராம்வெல்லு பொணத்தத் தோண்டி எடுத்துத் தூக்குல போட்டாங்க. நெசமாத்தாங்க. செத்தவன எதுக்குத் தூக்குல போடணும்? ஆத்தரம். பசங்க கைதட்டுவானுங்க.

பிரான்சு கத இன்னும் மோசம். லூயி தலய வெட்டுனாங்க, வெட்டச் சொன்னவன் தலயும் போச்சி, நெப்போலியன்னு ஒரு பட்டாளத்தான் வந்து அவனே கிரீடத்த வெச்சிக்கினான். அவன் போனா லூயி தம்பி வரான். எத்தினி பேரு ஏறி எறங்குனாலும் நாற்காலி அதே நாற்காலி. சுத்தி இருந்தவனுக்குக் கஞ்சி கஞ்சிதான். பசங்களுக்குப் புரியலன்னா ஜன்னலாண்ட கூட்டிக்கினு போயி கல்வராயன் மலயக் காட்டுவேன். அங்க எமர்ஜென்சி வரைக்கும் ஜாகிர்தாரு வெச்சதுதான்டா சட்டம், கூலி இல்லாம வேல செஞ்ச ஜனங்கடா, பிரான்சு ரொம்ப தூரம்னு நெனச்சிக்காதீங்கன்னுவேன்.

தோ பாருங்க வெளிய. வரிசயா அடிக்கட்ட தெரியுது இல்ல? அத்தினியும் புளியமரம். எண்பத்தேழுல வெட்டிச் சாய்ச்சது. தனி ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் ரோட்ட மறிச்சாங்க இல்ல, அப்ப. அவங்க கேட்டது நாயம்தாங்க. காடு கழனி இருந்தாலும் ஆபீசுல நாற்காலி இல்ல. நான் கிளாசுலயே சொன்னேன், பிரான்சுல சாமியாருங்க ஒரு எஸ்டேட்டு, பிரபுங்க ஒரு எஸ்டேட்டு, மிச்சம் மீதி ஜனம் எல்லாம் மூணாவது எஸ்டேட்டு, வரி மட்டும் கட்டிக்கினு வாய மூடிக்கினு இருந்தாங்க, ஒரு நாளு பொறுக்க முடியாம எழுந்தாங்க, நீங்களும் எழுந்திருங்கடான்னு. வாயி சும்மா இருந்துச்சா?

அய்யப்பன்னு ஒரு பையன். எங்க ஊருதான், ரோட்ட மறிச்சவங்க ஜாதி. அவங்கப்பா சின்னராசு கரும்புல எங்கம்மா கள எடுக்கும். இந்த ஒரு பேப்பருல ரெண்டு தடவ பெயிலு. நல்ல புத்தி, எழுதத்தான் வராது. நான்தான் உக்காத்தி வெச்சி எழுத வெச்சேன். லூயி ராஜா வேலக்காரன் வேசம் போட்டுக்கினு பொண்டாட்டி புள்ளயோட ஓடுனானே, அந்தப் பதில அவன் எழுதுனா படிச்சிக்கினே இருக்கலாம். வழியில ஒருத்தன் ரூவா நோட்டுல பாத்த மூஞ்சிய வெச்சி ராஜாவ அடையாளம் கண்டுக்கினான்னு சொல்லுவாங்க. வேசம் போட்டாலும் எதுனா ஒண்ணு காட்டிக் குடுத்துடும்னு அவனே கடைசியில ஒரு வரி சேத்து எழுதியிருந்தான். அதுக்கு மார்க்கு ஜாஸ்தி போட்டேன்.

கிளாசுல என்னைப் பாத்தா மொதல்ல எழுந்து நிக்கறவன் அவன்தான். வணக்கம் சார். சாயந்தரம் இதே பஸ்ஸுல ரெண்டு பேரும் ஒண்ணா எறங்குவோம். எறங்குனா தீந்துச்சி. அவன் முன்னால போவான், நான் ஒரு பீடியப் பத்த வெச்சிக்கினு நிப்பேன். அவன் மறஞ்ச அப்புறம்தான் நடப்பேன். அவங்க ஆளுங்க யாருனா எதுர்ல வந்தா, இன்னாடா அம்மாசி மொவனே, டவுன்ல வேல முடிஞ்சிதான்னு கேப்பாங்க. அருள்மொழின்னு எனக்குப் பேரு வெச்சிருக்குது, எம்.ஏ. வாங்கியிருக்கேன், ஊர்ல எங்கப்பன் பேரச் சொல்லி நான் அம்மாசி மொவன்தான். அவங்க தெருவுல ஒரு வாயும் என்னை சார்னு சொன்னது கெடையாது. அய்யப்பனும் ஊருக்குள்ள சொல்ல மாட்டான். சொன்னா அவங்கப்பா தோல உரிச்சிடுவாரு.

ஆமாங்க. காலனிதான். நீங்க கேக்க வந்ததுக்குப் பதிலு கெடச்சிடுச்சா? பொட்டணத்த மடிச்சிட்டீங்க. பரவால்ல, நானே ஜாஸ்தி தின்னுட்டேன். கால மட்டும் அப்படி ஒதுக்கிக்காதீங்க, சீட்டு ஒண்ணும் தேஞ்சி போவாது. மிச்சத்தயும் கேளுங்க.

அந்த அய்யப்பன் ஒரு நாளு கிளாசுல எழுந்து கேட்டான். சார், மூணாவது எஸ்டேட்டு மேல ஏறிட்டா, அதுக்கும் கீழ இருந்தவன் இன்னா ஆவான் சார்? நல்ல மனசோடதான் கேட்டான்னு நெனைக்கறேன். கிளாசே என் மூஞ்சியப் பாத்துச்சி. அது பரீட்சையில வராது, உக்காருன்னுட்டேன். அன்னைக்கு வாயத் தொறந்து சொல்லியிருக்கணும். கீழ இருக்கறவன் நான்தான்டா, உங்க தோட்டத்துல கள எடுக்கறது எங்கம்மாடான்னு சொல்லியிருக்கணும். பொழப்பு போயிடும்னு பயந்துட்டேன்.

மரத்தச் சாய்ச்ச மூணாம் நாளு. எங்க ஆளுங்க ரெண்டு பேரு கூலிக்குப் போவ, சாய்ஞ்ச மரத்துக்கு மேல சைக்கிளத் தூக்கிக்கினு தாண்டிட்டாங்க. நாங்க மறிச்ச ரோட்ட நீங்க தாண்டுவீங்களாடான்னு பேச்சு வளந்துச்சி. கைகலப்பு ஆச்சி. மத்தியானம், நல்ல வெயிலு, கும்பலா பந்தத்தக் கொளுத்திக்கினு காலனிக்குள்ள வந்துட்டாங்க. எல்லா மூஞ்சியிலயும் துண்டு. கண்ணு மட்டும்தான் தெரியும்.

எங்க வூடு கரும்புத் தோகை வேஞ்ச கூர. நான் வாசப்படியில நின்னுக்கினு கீறேன், கையில இதே புக்கு. அதான் இது ஒண்ணு மிஞ்சிச்சி, மத்த புக்கெல்லாம் பெட்டியோட போச்சி. ஒருத்தன் பந்தத்தோட என் எதுக்க வந்து நின்னான். நெருப்பு அவன் கையில ஆடிக்கினு கீது. என்னைப் பாத்தான். பாத்துட்டு, சார், கொஞ்சம் தள்ளிக்குங்க சார்ன்னான்.

வக்கீலு கேப்பாரு, மூஞ்சி மூடியிருந்தவன எப்படிய்யா கண்டன்னு. இது ஒரு கேள்வியா? அவங்க தெரு ஆளுங்கள்ல, கிளாசுலயாவது என்னை சார்னு சொல்ற வாயி ஒண்ணே ஒண்ணு. அதுவும் கொளுத்த வந்த நேரத்துலயும் மரியாதயா சொல்லுச்சி. வேசம் போட்டாலும் எதுனா ஒண்ணு காட்டிக் குடுத்துடும்னு அவனே எழுதுனான் இல்ல.

அதச் சொல்ல எனக்குப் பயம் இல்லங்க. சின்னராசு ஆள் அனுப்பி, ஊர்ல இருக்கணுமா வாணாமான்னு கேட்டாரு. ஊர வுட்டே போவச் சொன்னாலும் போவேன். எனக்குப் பயம் அதுக்கு அடுத்த கேள்விதான். அவன் தள்ளிக்கச் சொன்னதும் நீ இன்னா பண்ணன்னு வக்கீலு கேப்பாரு.

தள்ளிக்கினேங்க. அவன் என்னைத் தொடக்கூட இல்ல. எங்க தெருவுல, எங்க ஜனங்க பாக்க, ஊர்க்காரன் ஒருத்தன் என்னை சார்ன்னான். ஒரு நிமிசம், எப்படிச் சொல்றது, உள்ளுக்குள்ள குளுந்துச்சி. கிளாசுல வழி வுடற மாதிரி ரெண்டடி நவுந்து வழி வுட்டேன். கூரயில பந்தம் ஏறுன பொறவுதான் புத்தி வந்துச்சி. ஆட்ட அவுக்க எங்கம்மா உள்ள போயிருந்திச்சி. போனத நான் பாத்தேன். தெரிஞ்சிதான் நவுந்தேன்.

தோ, முன்னால டிரைவருக்குப் பின்னாடி சீட்டுல, முந்தானையில ரெண்டு கையயும் சுத்திக்கினு உக்காந்துக்கினு கீது பாருங்க, அதாங்க தைலம்மா, எங்கம்மா. வெரலெல்லாம் வெந்து ஒண்ணா ஒட்டிக்கிச்சி. ரெண்டு வருசமா நான்தான் சோறு ஊட்டறேன். என் புள்ளய நாலு பேரு புடிச்சித் தள்ளிட்டுத்தான் கொளுத்துனானுங்கன்னு போற வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கினு கீது. இன்னைக்குக் கூண்டுல நான் சொல்லப் போறதக் கேக்கணும்னு, வாணாம்னு சொல்லியும் கேக்காம கூடவே கெளம்பி வந்துடுச்சி.