ஒரு முழுச் சுற்று

துப்பாக்கித் தொலைநோக்கி வாங்குகிறவர்கள் கண்ணாடியைப் பற்றித்தான் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். அதன் தலையில் இருக்கும் டரட்டைப் பற்றி, அதாவது தூரத்துக்கு ஏற்பக் குறியை ஏற்றி இறக்கும் அந்தக் குமிழைப் பற்றி, யாரும் கேட்பதில்லை. லோவெல் பிம் கேட்டார். அதனாலேயே அவரை எனக்குப் பிடித்துப்போனது, ஷெரிஃப்.

ஓஹியோவில் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்து ஓய்வு பெற்றவர். எல்க் மான் வேட்டைக்கு எங்கள் முகாமில் இடம் பிடித்துவிட்டு, கோடையிலேயே போன் செய்தார். "ரெண்டு விதம் இருக்குங்கறாங்களே. ஒண்ணு பூஜ்யத்துக்கு வந்ததும் தானா நின்னுடுமாம். இன்னொண்ணு நிக்காம சுத்திக்கிட்டே இருக்குமாம். எதை வாங்கட்டும்?"

நிற்கிறதைத்தான் வாங்கச் சொல்ல வேண்டும். நிற்காததில் ஒரு முழுச் சுற்று கூடிப்போனாலும் அதே எண்தான் மேலே தெரியும். எத்தனையாவது சுற்று என்பதைக் குமிழுக்கு அடியில் இருக்கும் மெல்லிய கோடுகள்தான் காட்டும், புது ஆள் அதைப் பார்ப்பதில்லை. வயோமிங்கில் வருஷத்துக்கு ஒருவராவது இப்படிச் சுட்டு, மானின் தலைக்கு மேலே மலையைக் காயப்படுத்திவிட்டு வந்து, இரவுச் சாப்பாட்டில் கேலிப்படுவார்.

"நிக்கறது பனியில இறுகிக்கும். நிக்காததையே வாங்குங்க" என்றேன். அந்த சீசனில் வந்த எல்லா விருந்தாளிகளுக்கும் அதையேதான் சொன்னேன்.

முகாமில் என் கூட்டாளி டெல் ட்ரஸ்கை உங்களுக்குத் தெரியும். கலகலப்பான ஆள். முதல் நாள் இரவே புது விருந்தாளிகளிடம் என் கதையைச் சொல்லிவிடுவான். "நம்ம ஓரின் இருக்கானே, பனிமூட்டத்துல வழி தப்பிட்டானாம். ராத்திரி பூரா அம்மா அம்மான்னு அழுதிருக்கான். விடிஞ்சு பாத்தா, நம்ம சமையல் கூடாரத்துக்குப் பின்னாடிதான் நின்னுக்கிட்டிருக்கான்!" எல்லாரும் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அதற்காகத்தான் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள், நான் அவ்வளவு சின்ன மனசுக்காரன் இல்லை. எனக்கு முகாமின் பாதுகாப்புதான் முக்கியம்.

விருந்தாளிகள் மலையேறும் முன் அறுநூறு கஜத்தில் நிற்கும் இரும்புத் தகட்டைச் சுட்டுக் காட்ட வேண்டும், அது எங்கள் வழக்கம். தகட்டுக்கு வெள்ளையடித்துவிட்டு டெல் விலகி வர மாட்டான். தகட்டுக்கு நேர் மேலே, அதிலிருந்து எட்டடி உயரத்தில் இருக்கும் பாறையில் குப்புறப் படுத்துக்கொண்டு, குண்டு எங்கே பட்டது என்று ரேடியோவில் சொல்வான். வேண்டாம்டா என்று நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். கேட்டால்தானே.

அந்தத் தூரத்தில் ஒரு முழுச் சுற்று என்பது ஏறக்குறைய எட்டடி.

லோவெல் காலையில் அப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது குமிழை ஒரு சுற்று ஏற்றி வைத்தேன். பூஜ்யம் பூஜ்யமாகவே இருந்தது. பிறகு நான் சொன்ன எண்ணை அவரே திருப்பி வைத்தார், ஆனால் சுட மனம் வரவில்லை.

"அங்க ஆள் படுத்திருக்காரே. அவரை இறங்கச் சொல்லுங்களேன், தயவுசெஞ்சு."

ரேடியோவில் டெல் சிரித்தான். "சும்மா சுடுங்கய்யா! என்னைத் தொட்டுட்டீங்கன்னா இந்த வேட்டை இலவசம்!"

"அவன் வருஷக்கணக்கா அங்கதான் படுத்துக் கிடக்கான். உங்க துப்பாக்கி அவ்வளவு மேல போகாது. தகட்டை மட்டும் பாருங்க, மூச்சை நிதானமா விடுங்க" என்று முதுகைத் தட்டிக் கொடுத்தேன்.

காற்றே இல்லை. தவறியிருந்தாலும் பாதகமில்லை, அடுத்த வாரம் வேறொரு விருந்தாளி வர இருந்தார்.

லோவெல் ஓடின வேகத்துக்கு அவர் வயதில் நெஞ்சு வெடித்திருக்க வேண்டும். டெல்லின் தலையை மடியில் வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் சாவகாசமாக நடந்தே போனேன். நீங்கள் வந்து குமிழைப் பார்த்தீர்கள், புது ஆள் செய்கிற தப்புதான் என்றீர்கள். அவர் இனி ஆர்கனைத் தொடவே மாட்டேன் என்கிறாராம். பாவம்தான். ஆனால் நான் இங்கே வந்தது அவருக்காக இல்லை.

நேற்று டெல்லின் அடக்கத்துக்குப் பிறகு, தேவாலயக் கூடத்தில் ஆளாளுக்கு அவனைப் பற்றிப் பேசினார்கள். அவன் மனைவி மார்னா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "அவர் அடிக்கடி ஒரு கதை சொல்லுவாரு, நம்ம ஓரின் பனிமூட்டத்துல மாட்டின கதை" என்று ஆரம்பித்தாள். அவனைவிட நன்றாகவே சொன்னாள். கூடமே சிரித்தது. மூலையில் அழுதுகொண்டிருந்த லோவெல்கூடச் சிரித்துவிட்டார்.

எழுதிக்கொள்ளுங்கள் ஷெரிஃப். டெல் ட்ரஸ்கைக் கொன்றது ஓரின் ஹாஸ்கெட். இனி இந்த ஊர் என்னைப் பற்றிப் பேசினால் இதைப் பேசட்டும்.